மூடுவிழாப் பிரிவு

அம்மாவுக்கு அலுவலகத்தில் எமன் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அல்ல. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். லிஃப்டில் பார்த்தால், "என்ன எமதர்மரே, இன்னைக்கு யார் உசிரு?" என்பார்கள். அம்மா கோபித்துக்கொண்டதில்லை. "உன் ப்ராஜெக்ட் பேரைச் சொல்லு, வரிசையில இருக்கான்னு பாக்கறேன்" என்பாள். கேட்டவர் சிரிப்பார். ஆனால் அன்று மத்தியானமே ஏதோ சாக்கில் அவள் மேஜைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

வீட்டுக்கான மின்னணுச் சாமான்கள் செய்கிற கம்பெனி அது. பேசும் கடிகாரம், போனிலிருந்து போட்டு அணைக்கிற விளக்கு, தானே தண்ணீர் விட்டுக்கொள்ளும் பூந்தொட்டி. புதுசு வந்துகொண்டே இருக்கும். புதுசு வந்தால் பழசு போகவேண்டும். அப்படிப் போகவேண்டியதை ஒழுங்காக அனுப்பிவைப்பது அம்மாவின் வேலை. சர்வரை எப்போது நிறுத்துவது, வாங்கியவர்களுக்கு எப்படிச் சொல்வது, அவர்களுடைய விவரங்களை மிச்சமில்லாமல் எப்படி அழிப்பது. காகிதத்தில் அதற்கு 'சேவை நிறைவுப் பிரிவு' என்று பெயர். வாய்க்கு வந்த பெயர் மூடுவிழாப் பிரிவு. பிரிவில் அம்மாவைத் தவிர ஆள் கிடையாது.

அவள் போன வருடம் மழைக்கு முன்னால் இறந்துபோனாள். நோய் அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. இது அந்த நோயைப் பற்றியது அல்ல. அவள் செய்த ஒரு வேலையைப் பற்றியது.

அம்மாவுக்கு எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. எந்தப் பொருளிலும் முதல் மாடலை வாங்கமாட்டாள். "முதல் மாடலை வாங்கறவன் சம்பளம் வாங்காத டெஸ்டர்" என்பாள். போனின் முதுகில் எதற்குக் கண்ணாடி என்று கடைக்காரரோடு சண்டை போட்டு, கடைசியில் அவரையே "ஆமாம்மா, எனக்கும் புரியலை" என்று சொல்லவைத்தாள். சுவரையெல்லாம் இடித்து அலுவலகத்தை ஒரே கூடமாக்கியபோது, "எல்லாரும் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்கார்றதுக்கா சுவரை இடிச்சீங்க?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. எல்லாரும் காதில் மாட்டியிருந்தார்கள். கூட்டங்களுக்குக் குறிப்பெழுத ஒரு மென்பொருள் வந்தது. அது எழுதியதைப் படித்துவிட்டு, "நாம இவ்வளவு தெளிவாவா பேசினோம்? எனக்கு நம்பிக்கை இல்லை" என்றாள். 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று மேலிடத்திலிருந்து மின்னஞ்சல் வரும்போதெல்லாம் தன் கணினியில் இருப்பதை எல்லாம் ஒழுங்குபடுத்தி வைப்பாள். அந்த மின்னஞ்சல் வந்த பின்னால்தான் ஆட்குறைப்பு வரும் என்பது அவள் அனுபவம்.

அவளுடைய ஒரே மகளுக்கும் இதே தொழில். வேறு கம்பெனி, புதுச் சாமான்களை ஆரம்பிக்கிற பக்கம். "நீங்க பெத்துப் போடுங்கடி, நாங்க எடுத்துப் போடறோம்" என்பாள் அம்மா, சாப்பாட்டு மேஜையில்.

அவளுடைய அபிப்பிராயங்களில் அவளே பெரிதாக நினைத்தது ஒன்றுதான். ஒரு கம்பெனியின் யோக்கியதையை அது விற்கும்போது பார்க்காதே, கைகழுவும்போது பார். இதைச் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. இருபது வருடமாக அவள்தான் அந்தக் கம்பெனியின் கை.

அவள் கைக்கு வந்த சாமான்களில் ஒன்று அழைப்பு விளக்கு. இரண்டு துண்டு கொண்டது. ஒன்று உள்ளங்கை அகலப் பொத்தான். மற்றது ஒரு சின்ன விளக்கு. பொத்தானை ஓர் அறையில் அழுத்தினால் இன்னோர் அறையில் விளக்கு எரிந்து மணி அடிக்கும். அவ்வளவுதான். விளம்பரத்தில் ஓர் இளைஞன் சோபாவில் சாய்ந்தபடி பொத்தானை அழுத்துவான், மனைவி சிரித்துக்கொண்டே காபியோடு வருவாள். அந்த விளம்பரம் வந்த அன்றே அம்மா சொன்னாள்: "தேறாது. எந்த வீட்டுல சிரிச்சுக்கிட்டு வருவா?" தேறவில்லை. இரண்டு வருடத்தில் விற்பனையை நிறுத்தினார்கள். சர்வர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மென்பொருள் பழையதாகி, வெளியாட்கள் உள்ளே நுழையும்படி ஓட்டை விழ ஆரம்பித்ததும், மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

அம்மாவுக்கு மேலே ஒரு மேலாளர் இருந்தார். அவளைவிடப் பாதி வயது. எதைக் கேட்டாலும் ஒரு ஸ்லைடு போட்டுத்தான் பதில் சொல்வார் என்பதால் அவருக்கு ஸ்லைடு என்றே பெயர். அவர் அன்றும் ஒன்று போட்டார்.

"பாருங்க மேடம். பயன்படுத்தறவங்க ரெண்டு கை விரலுக்குள்ள அடக்கம். இதுல பொணம்கூட இல்லை. நேரா மூடிடலாம்."

"போன் பண்ணிப் பாத்துடறேன் சார்."

"மறுபடியும் துக்கம் விசாரிப்பா?"

அது அம்மாவின் பழக்கம். எந்தச் சாமானை மூடும் முன்பும் அதை வாங்கியவர்கள் சிலருக்கு அவளே போன் செய்வாள். கம்பெனி விதிகளில் அப்படி ஒன்று கிடையாது. செத்த பிறகுதான் ஊரில் துக்கம் விசாரிப்பார்கள், எமன் முன்கூட்டியே விசாரிக்கிறார் என்று கேலி செய்வார்கள்.

அவள் அன்று கூப்பிட்ட எண் ஒரு தையல்காரருடையது. போனுக்குள் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"வணக்கங்க. நீங்க வாங்கின அழைப்பு விளக்கு விஷயமா பேசறேன்."

"எந்த விளக்கும்மா?"

"பொத்தான் ஒரு ரூம்ல, விளக்கு ஒரு ரூம்ல..."

"ஓ, அக்கா விளக்கா! இருங்க, இப்பதான் எரியுது. வந்துடறேன்."

போனை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். இயந்திரம் நின்றது. அம்மா காத்திருந்தாள். அவள் எதிரே திரையில் அவருடைய பெயருக்கு நேரே 'செயலற்றவர்' என்று சிவப்பில் இருந்தது. கடைசியாகப் பயன்படுத்தியது, வாங்கிய வாரத்தில்.

அவர் திரும்பி வந்தார். "தலகாணி சரிஞ்சுபோச்சாம். சொல்லுங்க."

"அக்காவுக்கு உடம்புக்கு என்னங்க?"

"இடுப்புக்குக் கீழ வராது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. ஆனா மெஷின் ஓடும்போது அது கத்தினா எனக்குக் கேக்காது. அதுக்குத்தான் இது. கடையில ஒரு மூலையில தூசி படிஞ்சு கிடந்துச்சு. நல்ல சாமான்மா."

அம்மா விஷயத்தைச் சொன்னாள். சர்வர் பழசாகிவிட்டது, நிறுத்தப்போகிறோம், நிறுத்தினால் விளக்கு எரியாது.

"சர்வர்னா?"

"ஒரு பெரிய கம்ப்யூட்டர். அக்கா அழுத்தினா அந்தச் செய்தி அங்க போயி, அங்கேருந்து உங்க விளக்குக்கு வரும்."

"அது எங்க இருக்கு?"

"வேற தேசத்துலங்க."

தையல்காரர் கொஞ்சம் யோசித்தார். "எங்க அக்கா இந்த ரூம்ல. நான் அந்த ரூம்ல. நடுவுல ஒரு கதவு. அதுக்கு எதுக்கும்மா வேற தேசம்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. "எனக்கும் அதேதான் தோணுது" என்றாள்.

"தோணிச்சுன்னா பாத்துக்குங்க. நிறுத்தினீங்கன்னா அக்காவைக் கட்டிலோட கொண்டுவந்து உங்க ஆபீஸ் வாசல்ல இறக்கிடுவேன். தலகாணியை நீங்களே சரி பண்ணுங்க. அதோட வாயையும் நீங்களே சமாளிங்க."

போனை வைத்ததும் அம்மா முதலில் செய்தது, 'செயலற்றவர்' என்பதற்குக் கம்பெனியில் என்ன பொருள் என்று தேடியது. கிடைத்தது. மாதத்தில் ஒரு தடவையாவது போனில் அந்தச் செயலியைத் திறப்பவர் செயல்படுபவர். திறக்காதவர் செயலற்றவர். கம்பெனியின் எல்லாச் சாமான்களுக்கும் இதே அளவுகோல்தான்.

அழைப்பு விளக்கை மாட்டும் அன்றைக்குத்தான் செயலி வேண்டும். அதன்பிறகு அழுத்தினால் எரியும். யாரும் எதையும் திறக்கவேண்டாம். ஒழுங்காக உழைத்த குற்றத்துக்காக அந்தச் சாமானைச் செத்த கணக்கில் எழுதியிருந்தார்கள்.

அவள் சர்வரில் வந்து விழும் செய்திகளையே நேராக எடுத்துப் பார்த்தாள். ஆயிரக்கணக்கான வீடுகளிலிருந்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். இன்னும் சிலருக்குப் போன் செய்தாள். ஒரு வீட்டில் பக்கவாதம். ஒரு வீட்டில் எட்டாவது மாதத்தில் படுக்கையை விட்டு எழக்கூடாதென்று மருத்துவர் சொல்லியிருந்த பெண். ஒரு வீட்டில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த கணவர். அவர் மனைவி சொன்னாள்: "கையில கொடுத்ததுதான் தப்பு. ரிமோட் எங்கேன்னு கேக்கறதுக்கும் அழுத்தறார்." சோபாவில் சாய்ந்து காபி கேட்கிறவர் ஒருவர்கூட இல்லை.

அம்மா சர்வரை மூடவேண்டாம் என்று சொல்லவில்லை. இது முக்கியம். அவள் மூடுகிறவள். ஓட்டை விழுந்த சர்வரை வைத்துக்கொண்டிருப்பது அந்த வீடுகளுக்கே ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். அவள் கேட்டது ஒன்றுதான். மூடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு அப்டேட். பொத்தானும் விளக்கும் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவேண்டும். வேறு தேசம் வேண்டாம்.

"ஆள் எங்க மேடம் இருக்கு?" என்றார் ஸ்லைடு. "எழுதினவங்க எல்லாம் வேற வேற டீமுக்குப் போயாச்சு."

"ஒருத்தர் மாடியில இருக்கார்."

"யாரு, சாலிடரா? அவர் பூட்டு டீம்ல கழுத்து வரைக்கும் வேலையில இருக்கார்."

"நான் கேட்டுப் பாக்கறேன்."

"கேளுங்க. சரின்னு சொன்னார்னா எனக்கு ஆட்சேபணை இல்லை." சொல்லமாட்டார் என்பது அவருடைய நம்பிக்கை.

சாலிடர் என்பவர் அம்மாவின் வயதுக்காரர். பழைய ஆள். அழைப்பு விளக்கை உருவாக்கியதே அவர்தான். இப்போது கதவுப் பூட்டில் மாட்டியிருந்தார். பக்கத்தில் போனாலே ஈயம் உருக்கிய வாசனை வரும், பெயரும் அதனால்தான். ஒரு பூட்டைக் குடலைப் பிரித்துப் போட்டு அதன்மேல் குனிந்திருந்தார்.

"எமதர்மரே, என் பூட்டு இன்னும் பொறக்கவே இல்லை. இப்பவே வந்துட்டீங்களா?"

"இது உங்க மூத்த பிள்ளை விஷயம்."

விளக்கென்று கேட்டதும் நிமிர்ந்தார். "அதை இன்னும் யாராவது வெச்சிருக்காங்களா என்ன?"

அம்மா சொன்னாள். பக்கவாதம், தையல்காரர், அக்கா, தலையணை எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"முதல்ல செஞ்சப்போ அது நேராத்தான் பேசிச்சு. வீட்டுக்குள்ளேயே. எத்தனை பேர், எப்ப, எத்தனை தடவை அழுத்தறாங்கன்னு கணக்கு வேணும்னு மேலேருந்து கேட்டாங்க. அதுக்காக எல்லாத்தையும் சர்வர் வழியா திருப்பிவிட்டோம். பழைய வழி உள்ளேயே இருக்கு. அடைச்சுத்தான் வெச்சிருக்கேன்."

"அந்தக் கணக்கை யாராவது பாத்தாங்களா?"

"நீங்கதான் முதல் ஆள்."

இரண்டு வாரத்தில் அவர் அடைப்பை எடுத்துவிட்டார். பூட்டு வேலைக்கு நடுவில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் கரண்டியோடு.

சோதித்துப் பார்க்க அம்மா ஒரு ஜோடியை வீட்டுக்கு எடுத்து வந்தாள். ஆய்வுக்கூடத்தில் எல்லாம் எப்போதும் வேலை செய்யும், வீட்டில் செய்கிறதா என்று பார்க்கவேண்டும் என்பது அவள் கட்சி. பொத்தானோடு மகள் படுக்கையறையில். விளக்கோடு அம்மா சமையலறையில். அடுப்பில் குழம்பு கொதித்தது.

"அழுத்து!"

"அழுத்திட்டேன்மா."

"வந்துச்சு! மறுபடி."

"அழுத்திட்டேன்."

"வந்துச்சு! சும்மா வரிசையா அழுத்துடி, கை வலிக்குதா?"

"இதுக்குத்தான் என்னை எஞ்சினியரிங் படிக்க வெச்சியா?"

"வேற எதுக்குன்னு நினைச்சே? சரி, இப்ப வெளியில இருந்து வர்ற நெட் வயரைப் பிடுங்கு."

மகள் பிடுங்கினாள். வீட்டுக்குள் இருக்கும் வைஃபை மட்டும் உயிரோடு இருந்தது. வெளி உலகம் அறுந்துபோனது.

"பிடுங்கிட்டேன்."

"அழுத்து."

மணிச் சத்தம் மகளுக்கே கேட்டது. சமையலறையிலிருந்து குரல் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தாள். அம்மா கையில் கரண்டியோடு விளக்கைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"என்னம்மா? வரலையா?"

"வந்துச்சு. போ, இன்னொரு தடவை அழுத்து."

குழம்பு அன்று அடிப்பிடித்தது.

இனி நாள் குறிக்கவேண்டும். அப்டேட் ஏறியதும் விளக்கும் பொத்தானும் ஒரு முறை அணைந்து திரும்ப உயிர் பெறும். சில நிமிடம் பிடிக்கும். அதற்குள் யார் அழுத்தினாலும் மணி அடிக்காது. இந்த மாதிரி வேலையை இந்தத் தொழிலில் எல்லாரும் ஊர் அடங்கிய பிறகுதான் செய்வார்கள். அதற்குப் 'பராமரிப்பு நேரம்' என்று பெயர். நடுராத்திரி தாண்டி, விடிவதற்கு முன். யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. ஸ்லைடு அப்படியே நேரம் போட்டார். சாலிடரும் தலையாட்டினார். அம்மாவும் தன் வாழ்நாளில் மூடிய எல்லாவற்றையும் அந்த நேரத்தில்தான் மூடியிருக்கிறாள். ஒப்புதலில் பெயர் போடும் முன், எப்போது அழுத்துகிறார்கள் என்ற கணக்கை ஒரு தடவை மணி வாரியாகப் பிரித்துப் பார்ப்போமே என்று பார்த்தாள்.

கணக்கு வரைபடமாகத் திரையில் வந்தது. சாலிடரைக் கூப்பிட்டாள்.

"இதைப் பாருங்க."

"தலைகீழா வந்துருக்கு போல. நேரத்தை மாத்திப் போட்டுட்டீங்களா?"

"இல்லை. சரியாத்தான் இருக்கு."

பகலில் கோடு தாழ்ந்திருந்தது. ராத்திரி ஏற ஏற அதுவும் ஏறியது. ஊர் தூங்கும் நேரத்தில் உச்சியில் நின்றது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குத் தூக்கம் வராத நேரம் அது. பக்கத்தில் ஆள் இல்லாத நேரமும் அதுதான். இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு யார் வீட்டு ஜன்னலிலோ எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது என்று அம்மா பிறகு மகளிடம் சொன்னாள்.

கோடு தரையைத் தொடும் இடம் ஒன்றே ஒன்று. முற்பகல். உடம்பு துடைத்து, சாப்பாடு கொடுத்து, மருந்து கொடுத்து, வீட்டார் பக்கத்திலேயே இருக்கும் நேரம். பக்கத்தில் ஆள் இருந்தால் எதற்கு அழுத்துவார்கள்?

"பட்டப்பகல்ல அப்டேட்டா?" ஸ்லைடு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "மேடம், மாற்றம் எல்லாம் ராத்திரிதான்னு விதி இருக்கு. ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவாங்க."

"ராத்திரி பண்ணி, யாராவது அழுத்தி, மணி அடிக்காம போச்சுன்னா?"

"அந்தச் சில நிமிஷத்துக்குள்ளயா?"

"சில நிமிஷம்தான் சார். நீங்க மூச்சை அடக்கிக்கிட்டு இருந்து பாருங்க."

ஸ்லைடு மூச்சை அடக்கவில்லை. ஆனால் அடுத்ததாக ஸ்லைடும் போடவில்லை. அந்தக் கோட்டைத் தன் பக்கம் திருப்பிவைத்துப் பார்த்தார்.

"விதி எதுக்கு இருக்கு?" என்றாள் அம்மா. "யாரும் பயன்படுத்தாத நேரத்துல செய்யணும்னுதானே? அந்த நேரம் இவங்களுக்குக் காலையில வருது. அவ்வளவுதான். பொறுப்புன்னு போட்டிருக்கிற இடத்துல என் பேரைப் போட்டுக்குங்க."

"உங்க பேரைப் போட்டா என்னை விட்டுடுவாங்களா? ரெண்டு பேர் பேரையும்தான் போடணும்." பெருமூச்சு விட்டார். "நீங்க ரிட்டயர் ஆகறதுக்குள்ள எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துடும்."

"உப்பைக் குறைங்க சார்."

மேலிடத்தில் அவர்தான் போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. காது சிவக்க வந்தார், ஒப்புதலோடு வந்தார்.

முதலில் ஒரே ஒரு வீட்டில் ஏற்றிப் பார்ப்பதென்று முடிவானது. தையல்காரர் வீடு. அவரிடம் அம்மா முன்கூட்டியே சொல்லி, போனிலேயே இருக்கச் சொன்னாள். மேஜையைச் சுற்றி சாலிடர், ஸ்லைடு, அம்மா.

"அக்கா பக்கத்துலயே நிக்கறேன். விளக்கையும் இங்கேயே கொண்டுவந்து மாட்டியிருக்கேன். நீங்க பண்ணுங்க" என்றார் தையல்காரர்.

சாலிடர் ஏற்றினார். திரையில் விளக்கு மறைந்தது. காத்திருந்தார்கள். திரும்பி வரவேண்டிய நேரம் வந்தது. வரவில்லை. ஸ்லைடு பேனா மூடியைக் கடித்தார்.

"அண்ணே, விளக்கு எரியுதா?" என்று கேட்டாள் அம்மா.

"எங்கேம்மா எரியும்? பிளக்கைப் பிடுங்கி இருக்கேனே."

"ஏன் பிடுங்கினீங்க?"

"இஸ்திரிப் பெட்டிக்கு வேற பிளக் இல்லை. அக்கா பக்கத்துல சும்மாதானே நிக்கறோம், அதுக்குள்ள ரெண்டு சட்டையைத் தேச்சுடலாம்னு..."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "நான் அப்பவே சொன்னேன், கேட்டானா? நாலு எழுத்து படிச்சவங்க ஏதோ பண்றாங்க, சும்மா இருடான்னு சொன்னேன்!"

ஸ்லைடு கண்ணை மூடிக்கொண்டார். பாதியில் மின்சாரம் போனால் இப்படிப்பட்ட சாமான்கள் செத்துப்போவது வழக்கம். அம்மா சாலிடரைப் பார்த்தாள்.

"மாட்டச் சொல்லுங்க" என்றார் அவர். "புதுசு முழுசா ஏறாட்டி பழசுக்கே திரும்பிப் போற மாதிரி அப்பவே எழுதியிருக்கேன். அதை யாரும் எடுக்காம இருந்திருந்தா."

தையல்காரர் மாட்டினார். போனில் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு ஒரு மணி.

"எரியுதும்மா."

சாலிடர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை நின்றுகொண்டிருந்தார் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து ஏற்றினார்கள். இஸ்திரிப் பெட்டி ஓரமாக வைக்கப்பட்டது. இந்தத் தடவை சரியாக ஏறியது.

அடுத்தடுத்த நாட்களில், முற்பகல் நேரங்களில், கொஞ்சம் கொஞ்சமாக எல்லா வீடுகளுக்கும் ஏற்றினார்கள். சிலது முரண்டு பிடித்தது. ஒவ்வொன்றுக்கும் அம்மா போன் செய்தாள். கழற்றி வைத்துவிட்ட விளக்குகளும் இருந்தன. அங்கே அழுத்த ஆள் இல்லாமல் பொத்தானுக்கு வேலை முடிந்திருந்தது. அப்படிப்பட்ட வீடுகளில் அவள் விசாரிக்கவேண்டியதை விசாரித்துவிட்டு, பெயரையும் விவரங்களையும் அன்றே அழித்தாள்.

பிறகு சர்வரை நிறுத்தும் நாள். அதையும் முற்பகலில்தான் செய்தாள். விசையைத் தட்டினாள். அத்தனை வீட்டிலிருந்தும் வந்துகொண்டிருந்த செய்திகள் நின்றன. கோடு தரையில் படுத்தது.

"எல்லாம் ஒழுங்கா ஓடுதா?" என்றார் ஸ்லைடு.

"தெரியாது சார்."

"தெரியாதுன்னா?"

"வீட்டுக்குள்ளேயே பேசிக்குது. நம்மகிட்ட எதுவும் சொல்லாது. ஓடினாலும் இப்படித்தான் இருக்கும். ஓடாட்டியும் இப்படித்தான் இருக்கும்."

அவர் அந்தத் தட்டையான கோட்டைப் பார்த்தார். எல்லாவற்றையும் அளந்தே பழகிய மனிதர். "அப்ப எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"ஓடலைன்னா போன் வரும்."

புகார்ப் பிரிவில் அழைப்பு விளக்கென்று யார் கூப்பிட்டாலும் தன் மேஜைக்கே தள்ளிவிடச் சொல்லியிருந்தாள். அன்று முழுக்க அம்மா இடத்தை விட்டு எழவில்லை. மத்தியானச் சாப்பாட்டையும் மேஜையிலேயே வைத்துச் சாப்பிட்டாள். போன் அடிக்கவில்லை. சாலிடர் இரண்டு தடவை கீழே வந்து, எதையோ தேடுவதுபோலப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாளும் அடிக்கவில்லை. ஒரு ராத்திரி முழுதாகக் கடந்திருந்தது. அந்தக் கோடு உச்சிக்கு ஏறுகிற நேரத்தில் அந்த வீடுகளில் என்ன நடந்ததென்று அவளுக்குத் தெரிய வழியில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள்: "இத்தனை வருஷத்துல, மூடினப்புறம் எனக்கு எப்பவும் நிம்மதியாத்தான் இருக்கும். இந்தத் தடவை பரீட்சை எழுதிட்டு வந்த மாதிரி இருக்கு."

மூன்றாம் நாள் போன் அடித்தது. தையல்காரர்.

"விளக்கு விஷயமா ஒரு புகாரும்மா."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சொல்லுங்க அண்ணே. எரியலையா?"

"எரியாம என்ன? எரிஞ்சு தொலையுது. முன்னாடி எல்லாம் அக்கா அழுத்தினா, கொஞ்சம் தாமதிச்சு எரியும். அதுக்குள்ள அக்கா பாட்டுக்கு ஏதாவது யோசிச்சுக்கிட்டு இருக்கும். இப்ப கை வெச்ச உடனே மணி அடிக்குது. அதுக்கு வேடிக்கையா போச்சு. அழுத்து, மணி. அழுத்து, மணி. நான் போய் நின்னா, 'ஒண்ணுமில்லடா, வேலை செய்யுதான்னு பாத்தேன்' அப்படீங்குது. ராத்திரியும் இதே கூத்து. ஒரு பிளவுஸ் முடிக்க முடியலை. பழையபடி கொஞ்சம் மெதுவா ஆக்கிக் குடுங்க."

அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினாள்.

"முடியாதுங்க அண்ணே."

"ஏன் முடியாது? ஏத்தத் தெரிஞ்சவங்களுக்கு இறக்கத் தெரியாதா?"

"சர்வரை நிறுத்தியாச்சு. இனிமே இங்கேருந்து உங்க விளக்கை எங்களால தொடவே முடியாது. மெதுவாக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. இனிமே அது உங்களுது."

தையல்காரர் விடவில்லை.

"இனிமேவா? கடையில வாங்கிட்டு வந்தது நான். மாட்டினது நான். அப்ப இத்தனை நாளா அது யாருதும்மா?"

எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் வைத்திருந்த அம்மா இந்தக் கேள்வியை மட்டும் இதுவரை யோசித்ததில்லை. "நீங்க கேக்கறது நியாயம்தான் அண்ணே" என்றாள். போனை வைத்துவிட்டு எழுந்து, சாலிடரிடம் சொல்வதற்காக மாடிக்குப் போனாள். லிஃப்டுக்குக் காத்திருக்க முடியாமல் படியிலேயே ஏறினாள்.